மாவு தரும் மரமும் மடியில் இருக்கும் மழலையும்



போன ஐப்பசியில் ஒரு நாள். அடைமழை. வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு எதிர் வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. உருண்டை முகம், பிடித்துக் கிள்ளலாம் போன்ற கன்னம். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர்.

"அக்கா, பாப்பாவைப் பார்த்தா யாராவது நோஞ்சான்னு சொல்வாங்களா? டாக்டர் என்னடான்னா, உடம்பில ரத்தமே இல்லைன்னு சொல்றார். கண் இமையை இழுத்துக் காட்டினார், வெளேர்னு இருக்கு. ரத்தப் பரிசோதனையிலயும் அப்படித்தான் வந்திருக்கு. நான் என்னக்கா குறை வச்சேன்?"

"அழாதேம்மா. முதல்ல உட்கார். குழந்தைக்கு என்ன கொடுக்கிறே?" என்று கேட்டேன்.

"காலையில ஜவ்வரிசிக் கஞ்சி. மத்தியானம் ரெண்டு வாய் பால் சாதம், அப்புறம் கஞ்சி. ராத்திரியும் அதேதான். நடுவில மாட்டுப் பால். அத்தைதான் பார்த்துப் பார்த்துக் காய்ச்சித் தர்றாங்க."

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் இதில் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். ஜவ்வரிசி குளிர்ச்சி, வயிற்றுக்கு இதம், குழந்தை கொழுகொழுவென்று வரும் என்று அவருக்கு அவர் மாமியார் சொன்னது.

சாயங்காலம் நானே அங்கே போனேன். பெரியம்மா கஞ்சி துழாவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஏம்மா, பத்திரிகையில எல்லாம் எழுதறியே, இந்த ஜவ்வரிசி மரத்தில காய்க்கிறதா, செடியில விளையறதா? அரிசின்னு பேர் வச்சிருக்கோம், நெல்லைக் காணோமே!" என்றார்.

நல்ல கேள்வி! பெரியம்மாவுக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இந்த இதழில் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

சேற்றில் நிற்கும் மாவு மரம்

உண்மையான ஜவ்வரிசி காய்ப்பதும் இல்லை, கதிர் விடுவதும் இல்லை. அது ஒரு பனையின் அடிமரத்துக்குள் இருக்கிறது! மலாய் மொழியில் அந்தப் பனைக்கும் அதன் மாவுக்கும் 'சாகு' என்று பெயர். ஆங்கிலத்தில் 'சேகோ' என்று வருவது அதிலிருந்துதான். ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதால்தான் நம் ஊரில் ஜவ்வரிசி ஆயிற்று என்று சொல்பவர்களும் உண்டு.

நியூகினித் தீவும் அதன் மேற்கே உள்ள மலுக்குத் தீவுகளும் இந்தப் பனைக்குத் தாய்வீடு. அங்கிருந்து இந்தோனேஷியா, மலேஷியா என்று பரவியது. கொட்டும் மழைக்காடு, காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும் சேறு, அந்த இடத்தில்தான் இது செழிக்கும். நெல்லோ கிழங்கோ பயிர் செய்யத் தோதில்லாத இடம். முப்பது முதல் ஐம்பது அடி வரை வளரும். தென்னையைவிடப் பருத்த அடிமரம்.

இதன் குணத்தைச் சொன்னால் உங்களுக்கு நம் வாழைதான் நினைவுக்கு வரும். வாழை ஒரே ஒரு முறை குலை தள்ளிவிட்டுச் சாய்கிறது அல்லவா? சாகுப் பனையும் அப்படித்தான். ஆயுளில் ஒரே தடவை பூக்கும், காய்க்கும், பட்டுப்போகும். அந்த ஒரு பூப்புக்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிமரத்துச் சோற்றுக்குள் சேர்த்து வைக்கும். பெண் கல்யாணத்துக்கு என்று நாம் காசு சேர்த்து வைப்பது போல! பூ வந்துவிட்டால் சேமிப்பு முழுதும் கரைந்துவிடும். ஆகவே பூப்பதற்குச் சற்று முன்னால் மரத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டினாலும் வம்சம் அற்றுப் போவதில்லை. அடியில் பக்கக் கன்றுகள் தயாராக நிற்கும். வாழையடி வாழைதான்!

ஒரு மரத்தில் 150 முதல் 300 கிலோ வரை மாவு கிடைக்கும். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை விஞ்ஞானி மலுக்குத் தீவுகளில் இதை நேரில் பார்த்து, 1869-ல் வெளிவந்த தம் பயண நூலில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டு ஆண்கள் ஐந்து நாளில் ஒரு மரத்தை மாவாக்கிவிடுவார்களாம். இரண்டு பெண்கள் அடுத்த ஐந்து நாளில் அத்தனையையும் அடையாகச் சுட்டு வைத்துவிடுவார்களாம். அது ஒரு மனிதனுக்கு ஒரு வருஷத்துச் சாப்பாடு! அவருக்கு வெகு காலம் முன்பே, பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் சுமத்ரா வழியாகப் போன மார்க்கோ போலோவும் மாவு தரும் மரத்தைக் கண்டு வியந்திருக்கிறார்.

அம்மியும் உரலும் இல்லாமல்

மாவு எடுக்கும் முறையைக் கேளுங்கள். நமக்குப் புதிதே அல்ல, தேங்காய்ப் பால் எடுப்பது போலத்தான்.

மரத்தை வெட்டிச் சாய்த்து, மேல் பட்டையை நீளவாக்கில் பிளப்பார்கள். உள்ளே வெளுப்பாக, நாரும் மாவும் கலந்த சோறு இருக்கும். அதைக் கொத்து மாதிரியான கருவியால் கொத்திக் கொத்தித் துருவல் போல ஆக்குவார்கள். பிறகு அதே பனையின் மட்டையை வாய்க்கால் போலச் சாய்த்துக் கட்டி, துருவலைப் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். குறுக்கே கட்டிய தென்னை நார் வலை வடிகட்டி. சக்கை மேலே நிற்க, பால் கீழே தொட்டியில் இறங்கும். மாவு அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, ஈர மாவை ஓலையில் பொதிந்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

பப்புவா நியூகினியின் செபிக் ஆற்றங்கரையில் மரம் வெட்டுவது ஆண் வேலை, பிசைந்து மாவு எடுப்பது பெண் வேலை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, முதுகு ஒடியப் பிசைகிற வேலை. பத்து நாள் உழைப்பில் ஒரு வருஷச் சோறு என்று எழுதுவது சுலபம்; யார் இடுப்பு வலிக்கிறது என்பது அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும்!

அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

இதைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள். நம் கதைக்கு முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மலுக்கு, பப்புவா பக்கத்தில் 'பப்பேடா' என்று ஒரு சாப்பாடு. சாகு மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தளதளவென்று கொதிக்கிற நீரை ஊற்றிக் கிளறுவார்கள். கூழ் வடாம் கிளறும்போது வெளுப்பு மாறிக் கண்ணாடி போலப் பளபளப்பு வருமே, அதே பதம். பசை போல இழுபடும் அதை இரண்டு குச்சிகளில் சுற்றி எடுத்துத் தட்டில் போட்டு, மஞ்சள் போட்டுக் காய்ச்சிய மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். புருனேயில் இதற்கு 'அம்புயாட்' என்று பெயர். புளிப்பும் காரமுமான சாறில் தோய்த்து உண்பார்கள். செபிக் கரையில் மண் சட்டியில் தோசை போலச் சுடுவார்கள்; தொட்டுக்கொள்ள மீனும் கீரையும்.

மலேஷியாவின் சரவாக்கில் மெலனாவ் மக்கள் சாகு மாவோடு தேங்காய்த் துருவலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து மெல்லிய பிஸ்கோத்து சுடுகிறார்கள். 'தெபாலோய்' என்று பெயர். கூச்சிங்கில் நாலு வருஷம் குடியிருந்த என் சித்தி மகள் ஊருக்கு வரும்போது ஒரு டப்பா கொண்டு வந்தாள். மொறுமொறுவென்று, தேங்காய் வாசனையோடு, காபிக்கு அத்தனை பொருத்தம்!

மரத்தில் எதுவும் வீணாவதில்லை. ஓலை கூரைக்கு, மட்டை சுவருக்கு, பட்டை அடுப்புக்கு, சக்கை பன்றிக்கும் கோழிக்கும். இன்னொன்றும் உண்டு, முகம் சுளிக்காதீர்கள்! வெட்டிய மரத்துத் துண்டு ஒன்றை வேண்டுமென்றே காட்டில் விட்டு வைப்பார்கள். அதில் கூன்வண்டு முட்டையிடும். சில வாரம் கழித்துப் போனால் கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளைப் புழுக்கள். இலையில் சுற்றிச் சுட்டுத் தின்பார்கள். நம் தென்னைக்குக் குருத்தில் எமனாக வருகிற சிவப்புக் கூன்வண்டின் இனம்தான்! நமக்குப் பூச்சி, அவர்களுக்குப் பண்டம்.

"சே, சே! புழுவையா?" என்று பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார். "ஏன் தின்கிறார்கள் என்று கேளுங்கள் பெரியம்மா" என்றேன்.

சாகு மாவில் மாவுச்சத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அது வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாது. பள்ளிக்கூடம் பார்க்காத அந்தக் காட்டு ஜனங்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் வெறும் சாகுவை அவர்கள் சாப்பிடுவதில்லை. மீன், கீரை, தேங்காய், கடைசியில் புழுவானாலும் சரி, ஏதோ ஒன்று பக்கத்தில் இருந்தே தீரும்.

நம் கடை ஜவ்வரிசி எங்கிருந்து வந்தது?

நம் மளிகைக் கடையில் வாங்குவது அந்தப் பனையின் மாவே அல்ல என்றால் நம்புவீர்களா? அது மரவள்ளிக்கிழங்கு மாவு!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் பனை மாவைச் சுத்தம் செய்து முத்து முத்தாக உருட்டும் தொழில் ஓங்கியிருந்தது. அந்தப் பக்கத்து ஜவ்வரிசி கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் வரத்து நின்றது. அப்போதுதான், 1943 வாக்கில், சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, ஈர மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்துக் களத்தில் உலர்த்துவது. பனைக்குச் செய்த அதே வித்தைதான், பொருள் மட்டும் வேறு. 1981-ல் உற்பத்தியாளர்களுக்காக 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நியூகினிப் பனையின் பெயரை, தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு வாங்கிக்கொண்டு, சேலத்தில் குடியேறிவிட்டது!

கொழுகொழு வேறு, பலம் வேறு

பனையானாலும் கிழங்கானாலும் சத்துக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி. ஆனால் புரதம்? கால் கிராம்கூடத் தேறாது. அதே அளவு அரிசியிலேயே ஆறேழு கிராம் இருக்கிறது. பாசிப்பருப்பில் 24 கிராம் வரை. ரத்தம் ஊற வேண்டிய இரும்புச் சத்தும் ஜவ்வரிசியில் சொற்பமே.

எதிர் வீட்டுப் பாப்பாவுக்கு நடந்தது இதுதான். கஞ்சியும் சர்க்கரையும் கன்னத்தை உருட்டின. ரத்தத்துக்கு வேண்டியது உள்ளே போகவில்லை. போதாக்குறைக்கு மாட்டுப் பால். அதிலும் இரும்புச் சத்து குறைவு. ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாக அதைக் கொடுப்பது நல்லதில்லை.

இளம் தாய்மார்கள் மனதில் வைக்க வேண்டியவை:

1. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர்கூட வேண்டாம், ஜவ்வரிசித் தண்ணீரும் வேண்டாம்.

2. ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த பருப்புச் சாதம், கேழ்வரகுக் கூழ், வேகவைத்து மசித்த காய், கீரை, பழம், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். அசைவம் உண்பவர்கள் முள் இல்லாத மீன், நன்றாக வெந்து மசித்த ஈரல் சிறிதளவு கொடுக்கலாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரை தொடருங்கள்.

3. ஜவ்வரிசி விலக்க வேண்டிய பொருள் அல்ல. ஆனால் தனியாக வேண்டாம். கூடப் பருப்போ, முட்டையோ, கடலைப் பொடியோ இருக்கட்டும்.

4. குழந்தைக்கு முழு மணியாகக் கொடுக்காதீர்கள். வழவழவென்று தொண்டையில் சிக்கிக்கொள்ளும். குழைய வேகவைத்து மசித்துத்தான் ஊட்ட வேண்டும்.

5. பேதியின்போது ஜவ்வரிசிக் கஞ்சியே மருந்து என்று இருந்துவிடாதீர்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்து, தாய்ப்பாலும் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

6. வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால், விரத நாளில் ஜவ்வரிசி உப்புமாதானே என்று தட்டு நிறைய வைக்காதீர்கள். சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும்.

பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

நர்சரிகளில் 'சேகோ பாம்' என்று சொல்லி, குட்டையான தண்டும் விறைப்பான கரும்பச்சை இலையும் உள்ள ஓர் அழகுச் செடியைத் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். அது பனையே அல்ல. சைக்கஸ் என்ற வேறு இனம். செடி முழுவதும் விஷம், அதிலும் விதை கடும் விஷம். நாய் கடித்துத் தின்றால் பிழைப்பது கஷ்டம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் சாகுவுக்கு ஒரு தூரத்து உறவு உண்டு: கூந்தல் பனை. இலங்கையில் 'கித்துள்' என்பார்கள். அதன் பாளையில் வடியும் பதநீரில்தான் அருமையான கித்துள் பாணியும் கருப்பட்டியும் செய்கிறார்கள். அடிமரத்து மாவிலும் கஞ்சி உண்டு. ஆனால் மாலை மாலையாகத் தொங்குகிற அதன் பழத்தைக் குழந்தைகள் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையிலும் வாயிலும் தாங்க முடியாத அரிப்பு எடுக்கும்.

செய்து பாருங்கள்

*பாசிப்பருப்பு-ஜவ்வரிசிக் கஞ்சி (எட்டு மாதத்துக்கு மேல்)*

தேவையானவை: ஜவ்வரிசி 1 மேஜைக்கரண்டி, வறுத்த பாசிப்பருப்பு 2 மேஜைக்கரண்டி, துருவிய காரட் 1 மேஜைக்கரண்டி, நெய் அரை டீஸ்பூன்.

செய்முறை: ஜவ்வரிசியை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். பருப்பையும் காரட்டையும் குழைய வேகவைத்து, ஜவ்வரிசியைச் சேர்த்து, வெள்ளைப் புள்ளி தெரியாமல் கண்ணாடி போல ஆகும் வரை சிறு தீயில் கிளறுங்கள். நன்றாக மசித்து, நெய் விட்டு, வெதுவெதுப்பாக ஊட்டுங்கள். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை.

*கடலை போட்ட ஜவ்வரிசி உப்புமா (பெரியவர்களுக்கு)*

மராட்டியர் விரத நாளில் செய்வது. ஜவ்வரிசியோடு வேர்க்கடலையைச் சேர்த்தார்களே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்!

தேவையானவை: மாவு ஜவ்வரிசி 1 கப், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை அரை கப், பச்சை மிளகாய் 2, சீரகம், கறிவேப்பிலை, உப்பு, எலுமிச்சம்பழம் அரை மூடி, எண்ணெய் 2 மேஜைக்கரண்டி.

செய்முறை: ஜவ்வரிசியை இரண்டு முறை கழுவி, மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு நான்கு மணி நேரம் ஊற வையுங்கள். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். மீதித் தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, கரகரவென்று பொடித்த கடலையும் உப்பும் சேர்த்துப் பிசறி வையுங்கள். இப்படிப் பிசறினால் ஒட்டிக்கொள்ளாது. எண்ணெயில் சீரகம், மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஜவ்வரிசியைப் போட்டு, சிறு தீயில் அவ்வப்போது கிளறுங்கள். மணிகள் பளபளப்பானதும் இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். மூடி போட்டு வேகவைத்தால் களியாகிவிடும், ஜாக்கிரதை.

*மலேஷியா பாயசம்*

அங்கே 'சாகு குலா மலாக்கா' என்பார்கள். அரை கப் நைலான் ஜவ்வரிசியை ஆறு கப் கொதிக்கும் தண்ணீரில் தூவி, அடி பிடிக்காமல் கிளறி, நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும்போது இறக்கி மூடி வையுங்கள். பத்து நிமிஷம் கழித்து வடிகட்டியில் கொட்டிக் குளிர்ந்த நீரில் அலசி, சின்னக் கிண்ணங்களில் அமுக்கிக் குளிர வையுங்கள். தட்டில் கவிழ்த்து, மேலே கருப்பட்டிப் பாகும், ஒரு சிட்டிகை உப்பு போட்ட கெட்டித் தேங்காய்ப் பாலும் ஊற்றிப் பரிமாறுங்கள். விருந்தாளிகள் செய்முறை கேட்காமல் போகமாட்டார்கள்.

இனி எதிர் வீட்டுச் செய்தி. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்துச் சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்தார்கள். கஞ்சியில் பருப்பு ஏறியது. மத்தியானம் கீரை மசியலில் இரண்டு சொட்டு எலுமிச்சை. முட்டை சேர்ப்பதற்கு மட்டும் பெரியம்மா ஒரு வாரம் யோசித்தார். மாட்டுப் பால் குறைந்து தாய்ப்பால் கூடியது. பங்குனியில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் சிரித்துவிட்டார். பாப்பா இப்போது வாசல்படி பிடித்து இறங்கி எங்கள் வீட்டுக்கே நடந்து வருகிறாள். கன்னம் சற்று வற்றியிருக்கிறது. உதடு மட்டும் செம்பருத்தி!

நேற்றுப் பெரியம்மா கோலம் போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "அந்தக் காட்டு ஜனங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே அம்மா. என் மாமியார் ஜவ்வரிசியைச் சொன்னா, கூடப் பருப்பைச் சொல்ல மறந்துட்டா போலிருக்கு."

"இல்லை பெரியம்மா, சொல்லியிருப்பார். நாம்தான் பாதியைக் காதில் வாங்கியிருப்போம்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் பாட்டி சொன்னதில் பாதி எங்காவது விட்டுப் போயிருக்கும். மீதிப் பாதியைத் தேடிப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.